இடக்காதில் தாள், வலக்காதில் திரை

செலின் அக்காவின் எண்ணிலிருந்து எனக்கு எழுத்தில் வந்த முதல் செய்தி அதுதான். அவர் எப்போதும் பேசித்தான் அனுப்புவார். அன்று காலை அலுவலகத்துக்குக் கிளம்பிக் கதவைப் பூட்டிக்கொண்டிருந்தபோது கைபேசி ஒலித்தது. "அத்தை இன்று விடியற்காலை தூக்கத்திலேயே இறந்துவிட்டார்கள். நாளை காலை அடக்கம்." அவருடைய அண்ணன் மகள் தட்டச்சு செய்திருந்தாள். பூட்டில் சாவியை விட்டபடியே நின்றேன். பிறகு அலுவலகத்துக்குப் போய் எல்லோருக்கும் சொன்னேன். மறுநாள் முதல் பஸ்ஸில் எங்களில் வர முடிந்தவர்கள் எல்லோரும் அவருடைய ஊரான சங்ககிரிக்குப் போய் அவரை வழியனுப்பிவிட்டு வந்தோம்.

கொல்லிமலைச் செம்மேட்டில் எங்கள் தோட்டக்கலை அலுவலகத்துக்கு மிளகு நாற்றுக்கும் பழக்கன்றுக்கும் மனுக் கொடுக்க வந்தவர்களுக்கு அவரைத் தெரிந்திருக்கும். சன்னலோர மேசை, தலையில் பெரிய ஹெட்போன், எதிரில் நிற்பவர் செருப்பைக் கழற்றும் முன்பே "வாங்க, எந்த ஊருங்க?" என்று கேட்கும் குரல். பிறவியிலேயே பார்வை இல்லாதவர். வரலாற்றில் முதுகலை முடித்துத் தேர்வெழுதி வேலைக்கு வந்தவர். அவர் ஓய்வுபெற்றுப் போய்ச் சில வருடங்கள்தான் ஆகின்றன. மலையில் அவரோடு அடுத்தடுத்த மேசையில் வேலை பார்த்தவள் என்பதால் நான் இதை எழுதுகிறேன்.

அவர் மாற்றலாகி வந்த நாள் நல்ல மழை. எங்கள் அலுவலர் தங்கவேல் சார் இளகிய மனசுக்காரர். எழுந்து நின்று நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"நீங்க சும்மா உக்காருங்க மேடம். உங்க வேலைய நாங்க ஆளுக்குக் கொஞ்சமாப் பிரிச்சுக்கறோம்."

"சும்மா உக்கார நாற்காலி எங்க ஊட்லயே இருக்குதுங்க சார்," என்றார் செலின் அக்கா. "அத்தனை வளைவும் வயித்தைப் பெரட்டப் பெரட்ட வந்திருக்கேனுங்க. பட்ட பாட்டுக்காவது ஏதாவது வேலை குடுங்க."

அறையே சிரித்தது. சாருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. நாற்று ஒதுக்கீட்டுப் பிரிவை அவரிடம் கொடுத்தார். மனுக்களைப் படித்து, ஒப்புதல் பட்டியலோடு சரிபார்த்து, யாருக்கு எந்த ஊரில் நாற்று இறக்க வேண்டும் என்று ஆணை தயாரிக்கும் வேலை.

அவர் அதைச் செய்த விதம் எங்களுக்குப் புதிது. கணினித் திரையில் இருப்பதை ஒரு மென்பொருள் வாய்விட்டுப் படிக்கும். காகித மனுவை ஒரு சின்ன ஸ்டாண்டின் கீழே வைத்தால், மேலே பொருத்திய கைபேசி அதைப் படம் பிடித்துப் படிக்கும். ஆக, பேசுகிறவர்கள் இருவர், காதில் ஹெட்போன் ஒன்று. இரண்டையும் இணைக்க உள்ளங்கை அளவில் ஓர் ஆடியோ பெட்டியைச் சொந்தமாக வாங்கி வைத்திருந்தார். கணினியிலிருந்து ஒயர் வழியாகவும் கைபேசியிலிருந்து ப்ளூடூத் வழியாகவும் சத்தம் அந்தப் பெட்டிக்கு வரும். முன்னால் இருக்கும் குமிழை ஒருமுறை அழுத்தினால் இன்புட், அதாவது சத்தம் வரும் வழி, மாறும். மாறியதும் காதுக்குள் ஒரு 'டிக்'. கணினி என்றால் ஒரு டிக், கைபேசி என்றால் இரண்டு. பெட்டியின் முகத்தில் நிறம் மாறும் விளக்கு ஒன்றும் உண்டு. அது எங்களுக்கு வேடிக்கை. அவருக்கு அந்த டிக்தான் எல்லாம். ஒரு நாளில் எத்தனையோ தடவை அழுத்துவார், பார்க்காமல் நாம் நடப்பதைப் போல.

அந்தப் பெட்டிக்கு ஒரு கெட்ட பழக்கம் இருந்தது. சற்று நேரம் சத்தம் இல்லையென்றால் தூங்கிவிடும். மறுபடி சத்தம் வரும்போது விழித்துக்கொள்ளத் தாமதமாகும். அதற்குள் முதல் எழுத்தை விழுங்கிவிடும். பாட்டுக் கேட்கிறவருக்கு இது ஒரு குறையே இல்லை. வார்த்தை வார்த்தையாகக் கேட்டு வேலை பார்க்கிறவருக்குப் பெரிய தொல்லை. செலின் அக்கா அதற்கு ஒரு வழி கண்டுபிடித்தார். எங்கள் தகரக் கூரை மேல் பெய்த மழையைப் பதிவு செய்து, கேட்டும் கேட்காத அளவில் கணினியில் ஓடவிட்டார். பெட்டி தூங்கவில்லை.

"வெளிய வெயிலா வசந்தி?"

"ஆமாக்கா, நல்ல வெயில்."

"எனக்குக் காலைல இருந்து அடை மழை," என்பார்.

மாதக்கணக்கில் அந்த மழைக்குள்ளேயே வேலை பார்த்தார். பிறகு ஒருநாள், பெட்டியைச் செய்த கம்பெனி அதன் ஃபர்ம்வேருக்கு, அதாவது பெட்டிக்கு உள்ளேயே இருந்து அதை இயக்கும் மென்பொருளுக்கு, ஓர் அப்டேட் கொடுத்திருப்பதைப் பார்த்தார். தூங்கும் பழக்கம் சரிசெய்யப்பட்டதாக அதில் எழுதியிருந்தது. "மழை கேட்டுக் கேட்டே சளி புடிச்சுரும் போல இருக்குது, போட்டுருவோம்," என்றார். போட்டார். பெட்டி தூங்குவது உண்மையிலேயே நின்றது. அன்று எல்லோருக்கும் அவர் செலவில் டீயும் போண்டாவும்.

ஆனால் அந்த அப்டேட் சொல்லாமல் இன்னும் இரண்டு காரியங்களையும் செய்திருந்தது. இன்புட் மாறும்போது வந்த டிக் போய்விட்டது. கூடவே, எதில் புதிதாகச் சத்தம் வருகிறதோ அதற்குப் பெட்டி தானாகவே தாவ ஆரம்பித்தது. கண் தெரிந்தவர்களுக்கு இது வசதி. விளக்கின் நிறத்தைப் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம். கணினியும் கைபேசியும் ஒரே பெண் குரலில்தான் தமிழ் படிக்கும். டிக் இல்லாமல் எது பேசுகிறது என்று எப்படித் தெரியும்? செலின் அக்கா கவனமாகத்தான் இருந்தார். இருந்தும் அது நடந்தது.

எங்கள் மலையில் சில ஊர்கள் சேர்ந்தது ஒரு நாடு. பட்டியல்களில் ஒரே பெயர் பல நாடுகளில் வரும். அந்த முறை பைல் நாட்டில் ஒரு பெரியசாமி, திண்ணனூர் நாட்டில் ஒரு பெரியசாமி. ஒப்புதல் ஆனது பைல் நாட்டுக்காரருக்கு. திண்ணனூர் நாட்டுக்காரரின் முறை அடுத்த லோடில்தான். கணினி பட்டியலைப் படித்துக்கொண்டிருந்தபோது, ஸ்டாண்டின் கீழே இருந்த தாளைக் கைபேசி தானாகப் படிக்கத் தொடங்கியிருக்கிறது. அது திண்ணனூர் நாட்டுப் பெரியசாமியின் மனு. பெட்டி சத்தமில்லாமல் அதற்குத் தாவிவிட்டது. பெயர் திரையிலிருந்து வந்தது, ஊர் தாளிலிருந்து வந்தது. இரண்டும் ஒட்டி ஓர் ஆணையாகிவிட்டன. லாரி போய் நாற்றுகளைத் திண்ணனூர் நாட்டில் இறக்கியது. அங்கிருந்த பெரியசாமி, அரசாங்கத்துக்கு இத்தனை சுறுசுறுப்பா என்று மகிழ்ந்து, மழை ஈரத்திலேயே அத்தனையும் நட்டு முடித்துவிட்டார்.

பைல் நாட்டுப் பெரியசாமி அலுவலகத்துக்கு வந்தார்.

"ஏனுங்க, என்ற நாத்து எங்கீங்க? குழி வெட்டி வெச்சுட்டு ரோட்டையே பாத்துக்கிட்டு நிக்கறேன். லாரி எங்க ஊரு பக்கமே திரும்பலீங்க."

நான் ஆணை நகலைத் தேடி எடுப்பதற்குள் செலின் அக்கா எழுந்து நின்றார். "ஆணை போட்டது நானுங்க. ஊரை மாத்திப் போட்டுட்டேன். அடுத்த லோடு உங்களுக்குத்தான். உங்க ஊட்டு வாசலுக்கே வரும்."

பெரியசாமி அவரையும் ஹெட்போனையும் மாறி மாறிப் பார்த்தார். "நீங்களே சொல்றீங்க, வரட்டுமுங்க," என்று சொல்லிவிட்டுப் போனார். ஆனால் வாசலில் நின்று யாரிடமோ, "கண்ணு தெரியாதவங்கள எதுக்கு இந்த வேலைல போட்டாங்க?" என்று கேட்டது உள்ளே கேட்டது. எங்களுக்கே கேட்டது என்றால் செலின் அக்காவுக்குக் கேட்காமல் இருக்குமா?

மதியம் தங்கவேல் சார் செலின் அக்காவின் மேசைக்கு வந்து உட்கார்ந்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டு பேசினார்.

"மேடம், இதுல உங்க தப்பு ஒண்ணுமில்லீங்க. பெட்டி பண்ணுன வேலை. அப்படித்தான் மேல எழுதப் போறேன். இனிமே பேப்பர் வேலை வேண்டாம். போன் வந்தா எடுத்துப் பேசுங்க, அது போதும்."

"என் தப்பு இல்லைன்னு எழுதாதீங்க சார்."

"ஏனுங்க மேடம்?"

"தப்பு என்னுதுன்னா நான் திருத்திக்கலாம். பெட்டியோடதுன்னா, பெட்டியத் தூக்கும்போது என்னையும் சேத்துத் தூக்கிருவாங்க. அடுத்த லோடு வர்ற வரைக்கும் டைம் குடுங்க. அதுக்குள்ள சரி பண்ணலைன்னா நானே போன் பக்கத்துல போய் உக்காந்துக்கறேன்."

சார் யோசித்தார். சரி என்றார். பாதி மனதுடன்தான். அந்தப் பிரிவும் அந்த மேசையும் செலின் அக்காவுக்கு என்ன என்பது எனக்கு அப்போதுதான் புரிந்தது. இதற்கு முன் வேலை பார்த்த ஊர்களில் எல்லாம் அவரை போனுக்குப் பக்கத்தில்தான் உட்கார வைத்திருந்தார்கள். முதன்முதலாக அவர் பெயரில் ஆணைகள் போனது எங்கள் மலையில்தான்.

அன்றிலிருந்து மதிய உணவு வேளைகளில் அவரும் நானும் அந்தப் பெட்டியோடு மல்லுக்கட்டினோம். எனக்கு வேலை, விளக்கின் நிறத்தைச் சொல்வது. மற்றதெல்லாம் அவர். எனக்குப் பொறுமை போதாது. ஒரே சமயத்தில் ஒயரையும் மாற்றி, ப்ளூடூத்தையும் அணைத்து, "இப்பப் பாருங்கக்கா," என்பேன்.

"அய்யோ சாமி, ரெண்டையும் மாத்திட்டு எதுனால சரியாச்சுன்னு எப்படிச் சொல்லுவ? ஒண்ணை மாத்து. கேளு. அது இல்லைன்னா பழையபடி வெச்சுட்டு அடுத்ததுக்குப் போ."

அப்படி ஒன்றொன்றாகப் போனதில் சில விஷயங்கள் தெரிந்தன. பழைய ஃபர்ம்வேருக்குத் திரும்ப முடியாது, கம்பெனி அதை எடுத்துவிட்டிருந்தது. குமிழை நீண்ட நேரம் அழுத்தினால் தாவும் பழக்கத்தை நிறுத்திவைக்கலாம். அவருக்கு அதில் மிகுந்த சந்தோஷம். மறுநாள் மழையில் மின்சாரம் போய் வந்ததும் பெட்டி அதை மறந்துவிட்டுப் பழையபடி தாவியது. எங்கள் அலுவலக யுபிஎஸ்ஸோ, மின்சாரம் போனால் கத்தத் தெரிந்த, தாங்கத் தெரியாத ஒன்று. கொல்லிமலையில் மின்சாரத்தை நம்பி எதையும் நிறுத்திவைக்க முடியாது.

கம்பெனிக்கு எழுதினார். தனக்குப் பார்வை இல்லை என்று முதல் வரியிலேயே சொல்லி, டிக் சத்தத்தைத் திரும்பக் கொடுக்கும்படி கேட்டிருந்தார். பதில் வந்தது. எந்த இன்புட் என்பதை முன்பக்க விளக்கின் நிறத்தைப் பார்த்து எளிதாக அறியலாம் என்று அதில் இருந்தது. மென்பொருள் அந்த வரியைத் தன் வழக்கமான உணர்ச்சியற்ற குரலில் படித்து முடித்ததும், நான் கோபப்படப் போனேன். அவர் மேசையில் தலையைச் சாய்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்.

"பாரு வசந்தி, ஒரே கடிதத்துல எனக்குக் கண்ணு குடுத்துட்டாங்க!"

சிரித்து ஓய்ந்ததும் மறுபடி எழுதினார், அதே மரியாதையோடு.

வழி கிடைத்தது ஒரு சண்டையில். ஒருநாள் இருவரும் சேர்ந்து கேட்டுப் பார்க்க ஹெட்போனுக்குப் பதிலாக என்னுடைய சாதாரண இயர்போனைப் பெட்டியில் செருகி, ஆளுக்கொரு காதாக வைத்துக்கொண்டோம். வலது அவருக்கு, இடது எனக்கு. கணினியில் பட்டியலை ஓடவிட்டார்.

"கேக்குதா?"

"இல்லக்கா."

"என்ன இல்ல? நல்லாப் படிக்குது."

"எனக்கு ஒண்ணுமே கேக்கலை."

"காதுல அழுக்கா கண்ணு?"

"என் காது நல்லாத்தான் இருக்குது. உங்களுக்குத்தான் பிரமை."

கைபேசியைப் படிக்கவிட்டபோது இருவருக்கும் கேட்டது. மறுபடி கணினி என்றால் அவருக்கு மட்டும். ஆளுக்கு ஆள் குரலை உயர்த்திக்கொண்டிருந்தோம். திடீரென்று அவர் பேச்சை நிறுத்திவிட்டு விசைப்பலகையில் எதையோ தேடினார். சற்று முன் ஒவ்வொன்றாக மாற்றிப் பார்த்தபோது, கணினியில் இடம் வலம் சத்தத்தைச் சமன்செய்யும் அமைப்பு முழுக்க வலப்பக்கம் போய் நின்றிருக்கிறது. அதைப் பழையபடி வைக்க மறந்திருந்தார். மற்றவர்களுக்கு அத்தனை உபதேசம் செய்தவர்! நான் விடுவேனா? "ஒண்ணை மாத்து, பழையபடி வை," என்று அவர் குரலிலேயே சொல்லிக் காட்டினேன். அவர் காதில் அது விழவே இல்லை. முகம் மலர்ந்துகொண்டே வந்தது.

"வசந்தி, எனக்கு ரெண்டு காது இருக்குது."

"அது எனக்கும் தெரியுதுக்கா."

"இத்தனை நாளா ரெண்டுலயும் ஒண்ணையே கேட்டுக்கிட்டு இருந்தேன்!"

கணினியை வலப்பக்கத்திலேயே விட்டுவிட்டார். கைபேசியின் அமைப்புகளுக்குள் போய் அதன் சத்தம் முழுவதையும் இடப்பக்கம் தள்ளினார். அவ்வளவுதான். இனி பெட்டி எங்கே வேண்டுமானாலும் தாவட்டும், எப்போது வேண்டுமானாலும் மறக்கட்டும். இடக்காதில் பேசினால் தாள், வலக்காதில் பேசினால் திரை. பெட்டியைத் திருத்த முடியாது என்று தெரிந்த பிறகு, பெட்டியை நம்ப வேண்டியிராத ஓர் ஏற்பாட்டைத் தன் தலைக்கு இருபுறமும் செய்துகொண்டார்.

லோடு வருவதற்கு முன் தங்கவேல் சார் சோதித்துப் பார்க்க வந்தார். மனுக்களைக் கலைத்துப் போட்டு ஒவ்வொன்றாக ஸ்டாண்டின் கீழே வைத்தார். பாதியில் வழக்கம்போல் மின்சாரம் போனது, யுபிஎஸ் கத்தியது, எல்லாம் அணைந்தது. கொஞ்ச நேரத்தில் திரும்ப வந்தது. பெட்டி விழித்துக்கொண்டு பேச்சு தொடங்கியதும் சார் ஆவலோடு கேட்டார், "பட்டியல்ல அடுத்து யாரு மேடம்?"

செலின் அக்கா தலையை லேசாக இடப்பக்கம் சாய்த்தார். "இது பட்டியல் இல்லீங்க சார். நீங்க கடைசியா வெச்ச தாளு. கம்ப்யூட்டர் இன்னும் எந்திரிக்கவே இல்லை."

சார் திரையைப் பார்த்தார். அது அப்போதுதான் மெதுவாக உயிர்பெற்றுக்கொண்டிருந்தது. மனுக்கட்டை எடுத்து அவர் மேசைமேல் வைத்துவிட்டு, "ஆனா ஒண்ணு," என்றார். "அனுப்பறதுக்கு முன்னால ஒவ்வொரு ஆணையையும் இன்னொருத்தர் சரிபாக்கணும். இது எல்லாருக்கும்தான், உங்களுக்கு மட்டும் இல்லை."

"வசந்தி சரிபாக்கட்டுமுங்க. ஆனா என் முறைல. காதுல."

அப்படித்தான் அது எங்கள் வழக்கமானது. நான் அவர் பக்கத்தில் உட்கார்ந்து ஹெட்போனை வாங்கி மாட்டிக்கொள்வேன். முதலில் இடக்காதில் மனு. பிறகு வலக்காதில் ஆணை. பெயர், ஊர், நாடு, நாற்று எல்லாம் பொருந்தினால் தலையசைப்பேன். தலையசைப்பது அவருக்குத் தெரியாது என்று நினைவு வந்து "சரிக்கா," என்பேன். ஒரே ஒரு தொந்தரவு. அவர் அந்தக் குரலை வைத்திருந்த வேகம். தாளித்த கடுகு வெடிப்பதைப் போல இருக்கும். முதல் நாள் எனக்கு ஒரு வார்த்தையும் பிடிபடவில்லை. மெதுவாக்கச் சொன்னேன். "நீ வேகமாக் கேளு," என்றார்.

அடுத்த லோடு பைல் நாட்டுக்குச் சரியாகப் போய்ச் சேர்ந்தது. பெரியசாமி ஒரு பலாப்பழத்தைத் தோளில் சுமந்துகொண்டு வந்தார்.

"ஏனுங்க மேடம், வந்துருச்சுங்க. ஊட்டு வாசலுக்கே வந்துருச்சு."

"எந்தப் பெரியசாமிங்க பேசறீங்க?" என்றார் செலின் அக்கா, முகத்தைக் கடுமையாக வைத்துக்கொண்டு. பெரியசாமி ஒரு கணம் பதறிப்போய், ஊர், நாடு, அப்பா பெயர் என்று எல்லாவற்றையும் ஒப்பித்தார். பிறகுதான் கேலி என்று புரிந்து அவரும் சிரித்தார். பலாப்பழத்தை அறுக்க எண்ணெய் தேடி ஓடினோம். பின்னாளில் திண்ணனூர் நாட்டுப் பெரியசாமியும் மிளகு கொண்டுவந்து கொடுத்தார். தவறு யாருக்கும் நஷ்டமாகாமல் முடிந்தது செலின் அக்காவின் அதிர்ஷ்டம் என்று சொன்னவர்கள் உண்டு. நான் பார்த்தது அதிர்ஷ்டத்தை அல்ல.

அவர் ஓய்வுபெறுவதற்குச் சற்று முன்பு அந்தக் கம்பெனி இன்னோர் அப்டேட் கொடுத்தது. இன்புட் மாறும்போது ஒலி வேண்டுமா என்று அதில் ஒரு தேர்வு இருந்தது. அவருடைய கடிதங்களால்தானா என்று எங்களுக்குத் தெரியாது. டிக் சத்தத்தைக் கேட்டதும், "வந்துட்டியாடா?" என்று பெட்டியைத் தட்டிக் கொடுத்தார். ஆனால் காதுகளைப் பழையபடி ஒன்றாக்கவில்லை. ஓய்வுபெற்ற நாளில் பெட்டியை எனக்குத் தருவார் என்று நான் நினைத்திருந்தேன். "உனக்கு எதுக்கு? விளக்கு கலரு கலரா எரியறதைப் பாத்துக்கிட்டு உக்காந்திருப்ப," என்று சொல்லிவிட்டு, சமவெளியில் புதிதாக வேலைக்குச் சேர்ந்த, அவரைப் போலவே பார்வையில்லாத ஒரு பெண்ணுக்குக் கொடுத்துவிட்டுப் போனார். அதுதான் சரி.

அவர் போன பின் அந்தப் பிரிவை நான் பார்க்கிறேன். சரிபார்க்கும் வழக்கத்தை யாரும் எடுக்கவில்லை, நானும் விடவில்லை. ஆணை அனுப்பும் முன், நானே வாங்கிய அதே மாதிரிப் பெட்டியில் ஹெட்போனைச் செருகி மாட்டிக்கொண்டு மனுவை இடக்காதிலும் ஆணையை வலக்காதிலும் கேட்கிறேன். கண்ணால் படித்தபோது சரியாக இருந்த ஊர்ப்பெயர் காதில் தவறு என்று பிடிபடுவது இப்போதும் உண்டு. அடக்கம் முடிந்து திரும்பிய மறுநாளும் அப்படித்தான் உட்கார்ந்தேன். பக்கத்து மேசைக்குப் புதிதாக வந்திருக்கும் பெண் ஹெட்போனை வாங்கிக் காதில் வைத்துப் பார்த்துவிட்டு, "ஏனுங்க மேடம், இது என்ன பாசைங்க?" என்று கேட்டாள். தமிழ்தான் என்று சொன்னேன். அவள் நம்பவில்லை. செலின் அக்காவிடமிருந்து எனக்குக் கிடைத்தது இந்த வேகம்தான். மலையில் இதைக் கேட்டுப் புரிந்துகொள்கிறவள் இப்போதைக்கு நான் ஒருத்தி. அன்று வந்த மனு வளப்பூர் நாட்டிலிருந்து. அதைக் கேட்டு முடித்து, ஆணையையும் கேட்டு, "சரிக்கா," என்று சொல்லிவிட்டு அனுப்பினேன்.